புதுப் பைப்பின் சத்தம்

"கொஞ்சம் விலகுங்கோ, கதிரை எடுக்கவேணும்" என்று பிறேமினி திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. ஒருவரும் அசையவில்லை. மடக்குக் கதிரைகள் கராஜின் அந்தக் கோடியில், காருக்குப் பின்னால் கிடந்தன. அவளுக்கும் கதிரைகளுக்கும் இடையில் கறுப்புக் கோட்டுப் போட்ட ஆம்பிளைகள் பேப்பர் கோப்பையும் கையுமாக நின்றார்கள்.

முன் அறையில் தம்பியின் சவப்பெட்டி வந்திறங்கி அரைமணிகூட ஆகவில்லை. வந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய் எட்டிப் பார்த்தார்கள், சிலுவை போட்டார்கள், அம்மாவின் தோளைத் தொட்டார்கள். பெண்கள் அங்கேயே இருந்து செபமாலை சொல்லத் தொடங்க, ஆம்பிளைகள் மெல்லக் கழன்று கராஜுக்கு வந்து அவனுடைய காரைச் சுற்றி நின்றார்கள். செத்த வீட்டில் ஆம்பிளைகளுக்கு நிற்பதற்கென்று ஓர் இடம் வேண்டும். இந்த மூன்று கிழமையும் ஹவுன்ஸ்லோவில் அவர்களுக்கு வாய்த்த இடம் இதுதான்.

ஓம், மூன்று கிழமை. லண்டனில் செத்தவன் உடனே போய்விட முடியாது. பிரேதப் பரிசோதனை முடிய வேண்டும், சாவை விசாரிக்கிற கொறோனர் ஒபிஸ் உடலை விட வேண்டும், சேமக்காலையில் புதைக்க இடம் கிடைக்க வேண்டும், பூசை வைக்கிற சுவாமிக்கு நாள் ஒத்துவர வேண்டும். அதுவரை பின்னேரம் தவறாமல் வீடு நிறையச் சனம். தேத்தண்ணி ஊற்றி ஊற்றியே பிறேமினியின் கை ஓய்ந்துபோனது. அழுவதற்கென்று அவளுக்கு ஒரு மூலை கிடைக்கவில்லை. கிடைத்தாலும் இனி அழுகை வருமா என்று அவளுக்கே தெரியவில்லை. அவ்வளவு அலுப்பு.

காரின் முன்மூடி, பொனற், இன்னும் திறந்தபடியே இருந்தது. பொலிஸ் பார்த்துவிட்டுப் போன பிறகு அதை மூட ஒருவருக்கும் கை போகவில்லை.

"நல்லா ஓடின காருக்கு உந்தப் பைப்பை மாத்தச்சொல்லி ஆர் அழுதது?" என்று கேட்டார் யாக்கோப்பு மாமா. அம்மாவின் தமையன். காரைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் பெற்றோல் எந்தப் பக்கம் அடிப்பது என்பது மட்டும். ஆனாலும் தெரியாததைப் பற்றித்தான் அவர் கூடக் கதைப்பார்.

அவருக்கு மறுமொழி சொன்னவன் அபிஷன். தம்பி கிருசாந்தனோடு விமான நிலையத்தில் கார்கோ பிரிவில் வேலை செய்தவன். இரண்டு பேருக்கும் ஒரே விசர், கார்ப் பைத்தியம். அழுதழுது அவனுடைய கண் தடித்திருந்தது.

"அங்கிள், கொம்பனி போட்டுவாற பைப் மெல்லிய பிளாஸ்டிக். டர்போ காத்தை இழுக்கேக்கை அது ஒடுங்கிப் போகும். சோடாவை ஸ்ட்ரோவாலை பலமா இழுத்தா ஸ்ட்ரோ ஒட்டுமெல்லே, அதுமாதிரி. அதுக்குத்தான் இந்தத் தடிச்ச சிலிக்கோன் பைப். வாயும் பெரிசு. கார் வடிவா மூச்சு விடும்."

"மூச்சு விட்டது கார் மட்டும்தான்" என்றார் மாமா.

சொன்ன பிறகுதான் தான் சொன்னது என்னவென்று அவருக்கே உறைத்தது போலும். கோப்பைக்குள் பார்த்தார். அபிஷனுடைய வாய் கோணியது. ஆனாலும் அவன் விடவில்லை. குனிந்து எஞ்சினுக்குள் கையை விட்டு அந்த நீலக் குழாயைத் தொட்டுக் காட்டினான்.

"பாருங்கோ அங்கிள். இந்தப் பக்கத்துக் கிளிப் இறுக்கியிருக்கு. அந்தப் பக்கத்தது அரைவாசிதான். பைப் பூட்டினாப் பிறகு ஸ்டார்ட் பண்ணிக் காது குடுத்துக் கேக்கவேணும். காத்து எங்கையாவது கள்ளமாப் போனா 'ஸ்ஸ்' எண்டு சீறும். சீறுற இடத்தை இறுக்கவேணும். அதைத்தான் அவன் செய்துகொண்டிருந்தவன். ஸ்குரூட்றைவர் அவன்ரை கையுக்குக் கீழதான் கிடந்தது. சாக நினைச்சவன் கிளிப் இறுக்குவானோ?"

மூன்று கிழமையாக ஒருவரும் வாயில் எடுக்காத சொல்லை அபிஷன் கிட்டத்தட்டச் சொல்லிவிட்டான். நாக்கு நுனியில் அதை வைத்துக்கொண்டுதான் எல்லோரும் இவ்வளவு நாளும் தேத்தண்ணி குடித்தார்கள் என்பது பிறேமினிக்குத் தெரியாததா என்ன. போன ஐப்பசியில் தம்பியின் கல்யாணப் பேச்சுக் குழம்பியது. மாசியில் அவன் புகை மண்டிய கராஜுக்குள் கிடந்தான். இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போடச் சனத்துக்கு எவ்வளவு நேரம் வேண்டும்? சுவாமி நல்ல மனிதர். ஒன்றும் கேட்காமல் பூசைக்கு நாள் தந்தார். சனம் அப்படியில்லை. கோயிலில் பக்கத்தில் வந்து இருப்பவர்கள்கூட இப்போது ஓர் இடம் விட்டுத்தான் இருக்கிறார்கள்.

"அதெல்லாம் சரி தம்பி" என்றார் யாக்கோப்பு மாமா. குரல் இறங்கியிருந்தது. "எஞ்சினை ஓடவிட்டா கதவைத் திறந்து வைக்கவேணும் எண்டு எனக்கே தெரியும். அவனுக்குத் தெரியாதோ? ஏன் சாத்தினவன்?"

"அவன் பனி கொட்டேக்கையும் திறந்துவைச்சுத்தான் செய்யிறவன்" என்றான் அபிஷன் மெதுவாக. அது தம்பிக்குச் சாதகமான சாட்சி இல்லை என்பது சொன்ன பிறகுதான் அவனுக்கு விளங்கியது.

நேற்றுக் கொறோனர் ஒபிஸிலிருந்து போனில் எடுத்த பெண்ணும் இதையேதான் கேட்டாள். இதமான குரல், ஒவ்வொரு வசனத்துக்கும் ஒரு மன்னிப்பு. உங்கள் தம்பிக்கு மனச்சோர்வு இருந்ததா? அந்தக் கதவு ஏன் சாத்தியிருந்தது என்று குடும்பத்தில் யாருக்காவது தெரியுமா? அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது, அவர் செபத்தில் இருந்தவர் என்று பிறேமினி அன்றைக்குப் பொலிஸுக்குச் சொன்னதையே திரும்பவும் சொன்னாள். யோசித்து வையுங்கள், அடக்கம் முடிந்த மறுநாள் திரும்ப எடுக்கிறேன் என்று சொல்லி அந்தப் பெண் போனை வைத்தாள். விசாரணை முடிந்து கடைசியில் ஒரு சொல் எழுதுவார்கள். விபத்து என்று எழுதலாம், மற்றதையும் எழுதலாம். அது அந்தக் கதவில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

கதிரைகளைக் கட்டி இழுத்துக்கொண்டு பிறேமினி வீட்டுக்குள் வந்தபோது குசினி வாசலில் பியற்றிஸ் அன்ரி அவளுடைய கையைப் பிடித்தார். இந்தச் செத்த வீட்டுக்கு இன்றைக்குத்தான் முதல் தரமாக, சட்டனிலிருந்து விடியவே வெளிக்கிட்டு வந்தவர். அம்மாவின் செபக்கூட்டாளி. மூன்று மணிச் செபத்தை அம்மா நாள்தோறும் போனில்தான் நடத்துவார். லண்டனிலிருந்தும் பாரிஸிலிருந்தும் மன்னாரிலிருந்தும் பெண்கள் போனுக்குள் வந்து கூடுவார்கள். ரொறொன்ரோவில் ஒருத்தி காலைக் கோப்பியோடு இருப்பாள்.

"பிள்ளை, உன்னோடை ஒரு கதை. இஞ்சை வேண்டாம்" என்றார் அன்ரி.

மாடியில் எல்லா அறையிலும் கோட்டுகளும் குழந்தைகளும். கடைசியில் இரண்டு பேரும் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டார்கள். அன்ரி தொட்டியின் விளிம்பில் இருந்தார். பிறேமினி கதவில் சாய்ந்தாள். இப்படியே சாய்ந்து நித்திரை கொண்டுவிடலாம் போலிருந்தது.

"நான் இதை இவ்வளவு நாளும் சொல்லேல்லை. உங்களுக்குத் தெரியும்தானே எண்டு இருந்திட்டன். இண்டைக்கு இஞ்சை வந்தாப் பிறகுதான் சனம் என்ன கதைக்குது எண்டு காதிலை விழுந்தது. என்ரை நெஞ்சு பத்துது."

"என்னத்தை அன்ரி?"

"அண்டைக்கு நான்தான் போனிலை முதல் வந்தனான். மற்றவை இன்னும் வரேல்லை. உன்ரை அம்மா மெழுகுதிரி கொளுத்திக்கொண்டு நிண்டவ. பின்னாலை ஒரு சத்தம். ஊவெண்டு இழுத்து இழுத்து. வழமையா அவன்ரை கார் அப்பிடிக் கத்தாது. அம்மா திரும்பிச் சொன்னவ, 'தம்பி, யன்னலாலை வாற உந்தச் சத்தத்திலை செபம் சொல்ல ஏலாதடா, அந்தக் கராஜ் கதவைச் சாத்திப்போட்டுச் செய்' எண்டு."

பிறேமினி தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டாள்.

"அவன் 'ஓம் அம்மா, அஞ்சு நிமிசம்' எண்டவன். பிறகு கதவு இறங்கின சத்தமும் கேட்டது. நான் காதாலை கேட்டனான் பிள்ளை. தேவசாட்சியா."

கீழே செபமாலையின் அடுத்த சுற்றுக் காரணிக்கம் தொடங்கியது. குழாயிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது. பிறேமினிக்கு முதலில் வந்தது சந்தோசம்தான். அப்பாடா, என் தம்பி சாக நினைக்கவில்லை. அவன் கதவைச் சாத்தினது அம்மா சொன்னதால். அந்தச் சந்தோசம் ஒரு மூச்சு நேரம்கூட நிற்கவில்லை. அம்மா சொன்னதால்.

"அம்மாவுக்கு இது ஞாபகம் இருக்கோ?" என்று கேட்டாள்.

"ஆருக்குத் தெரியும்? நாளாந்தம் பிள்ளையளுக்குச் சொல்லுற சொல்லுத்தானே. வொலியூமைக் குறை, கதவைச் சாத்து எண்டு. ஆர் அதை ஞாபகம் வைச்சிருக்கப்போகினம்?"

அம்மா இந்த மூன்று கிழமையும் அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. சாப்பிடச் சொன்னால் சாப்பிட்டார். படுக்கச் சொன்னால் படுத்தார். மூன்று மணிக்குப் போன் அடித்தால் மட்டும் எடுக்கவில்லை. அது துக்கம் என்றுதான் பிறேமினி நினைத்திருந்தாள்.

"அன்ரி, இதை ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ."

"பிள்ளையின்ரை பேரல்லோ போகுது."

"அவன் போயிட்டான். அம்மா இருக்கிறா. இதைக் கொறோனருக்குச் சொன்னா கோர்ட்டு மாதிரி ஒரு இடத்திலை எல்லாருக்கும் முன்னாலை வாசிப்பினம். உங்கடை சொல்லாலைதான் பிள்ளை செத்தது எண்டு அம்மா அதிலை இருந்து கேக்கவேணுமோ? என்னாலை ஏலாது."

அன்ரி கண்ணைத் துடைத்தார். "நீ மூத்தவள். நீ சொல்லுறபடி" என்றார். சொன்னாரே தவிர அவருடைய முகம் அதை ஒத்துக்கொள்ளவில்லை.

கீழே இறங்கியபோது பெட்டியை மூடும் நேரம் வந்துவிட்டது. அம்மா எழுந்து போய்த் தம்பியின் ஷேர்ட் கொலரைச் சரிசெய்தார். வலப் பக்கம் ஒரு மடிப்பு இருந்தது. அதை விரலால் நீவி நீவி நேராக்கினார். அழவில்லை. மரக்கட்டை மாதிரி நிற்கிறா என்று பின்னால் யாரோ முணுமுணுத்தது கேட்டது. நின்று அழுதிருந்தால் வேறு ஏதாவது சொல்லியிருப்பார்கள். பிறேமினி திரும்பிப் பார்க்கவில்லை. அவளுக்குத் தம்பியின் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. அஞ்சு நிமிசம் அம்மா என்று சொன்ன வாய் இதுதானே.

பூசையிலும் சேமக்காலையிலும் எழும்பச் சொன்னபோது அவள் எழும்பினாள், முழங்காலில் நிற்கச் சொன்னபோது நின்றாள். மண் போட்டபோது கையில் ஒட்டிய ஈரக்களி வீட்டுக்கு வந்து கழுவும்வரைக்கும் போகவில்லை. வழியெல்லாம் ஒரே கணக்குத்தான் மனசுக்குள். சொன்னால் தம்பியின் பேர் சுத்தமாகும், அம்மா உயிரோடு சாவார். சொல்லாவிட்டால் ஒரு நல்ல பிள்ளை இனி எந்நாளும் தானாகச் செத்தவன். எந்தப் பக்கம் போட்டாலும் தராசு அவளுடைய நெஞ்சில்தான் இடித்தது. வீட்டு வாசல் வருவதற்குள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். நாளைக்கு அந்தப் பெண் எடுத்தால், எங்களுக்கு ஒன்றும் தெரியாது. அவ்வளவுதான். தம்பி என்னை மன்னிப்பான். எத்தனை தரம் மன்னித்திருக்கிறான்.

பின்னேரம் வீட்டில் சாப்பாடு. சாப்பிட்டவர்கள் ஒவ்வொருவராகக் கோட்டைத் தேடி எடுத்துப் போகத் தொடங்கினார்கள். ரெயினர்ஸ் லேன் பக்கத்திலிருந்து வந்தவர்களுக்கு ட்ராபிக் பிடிக்குமுன் போகவேண்டும். யாக்கோப்பு மாமா போகிறபோது பிறேமினியின் தலையில் கை வைத்து எதையோ சொல்ல வந்து, விட்டுவிட்டார். பியற்றிஸ் அன்ரி கட்டிப்பிடித்துக் கொஞ்ச நேரம் விடவே இல்லை. கடைசியில் வீட்டில் மிஞ்சியது அம்மாவும் பிறேமினியும் அவளுடைய புருசன் நிசாந்தனும் ஒரு மலை கோப்பைகளும்.

மழை தொடங்கியிருந்தது. மெல்லிய, சாய்ந்து விழுகிற மழை. நிசாந்தன் வீட்டைச் சுற்றிவந்து வாசலைக் கூட்டி, குப்பைப் பைகளைக் கட்டிவைத்துவிட்டு, கராஜ் கதவை இறக்கப் போனான். குசினியிலிருந்து கராஜுக்குள் இறங்க ஒரு சின்னக் கதவு உண்டு. அதில் அம்மா எப்போது வந்து நின்றார் என்று ஒருவரும் காணவில்லை.

"சாத்தாதேங்கோ தம்பி."

நிசாந்தன் கையை அந்தரத்தில் வைத்தபடி திரும்பினான். "மழை உள்ளுக்கை அடிக்குது மாமி. சாமான் எல்லாம் நனைஞ்சுபோம்."

"நனையட்டும்."

பிறேமினி கையில் இருந்த கோப்பையைத் தொட்டிக்குள் வைத்தாள். அம்மா படியிறங்கிக் காருக்குப் பக்கத்தில் போய் நின்றார். திறந்த பொனற்றுக்குள் பார்த்தார். அவருக்கு அங்கே எது எதுவென்று தெரியாது. நீலமாக இருந்ததைத்தான் பார்த்தார்.

"அந்தக் கொறோனர் ஒபிஸ் பொம்பிளை நாளைக்கு எடுப்பா என்ன?"

"ஓம் அம்மா."

"போனை என்னட்டைத் தா."

"அவ கதைக்கிறது உங்களுக்கு விளங்காது. நான் கதைக்கிறன்."

"நீ கதைச்சது போதும் பிள்ளை."

அம்மா கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போன குரலில் சொன்னார். "கதவைச் சாத்தச் சொன்னது நான்தான். அண்டைக்கே அந்தப் பொலிஸ்காரப் பெடியனுக்குச் சொன்னனான். நீ அதை அவனுக்குச் சொல்லேல்லை."

அன்றைக்குப் பிறேமினி வேலையிடத்திலிருந்து ஓடி வந்தபோது அம்மா குசினித் தரையில் இருந்தார். இளம் பொலிஸ்காரன் ஒருவன் குந்தியிருந்து, என்ன நடந்தது என்று அம்மாவைக் கேட்கும்படி அவளிடம் சொன்னான். அவள் கேட்டாள். அம்மா தலையில் அடித்து அடித்துச் சொன்னார். தம்பி பிறந்த கதை வந்தது, கப்பலில் ஏறி வந்த கதை வந்தது, மாதாவின் பேர் வந்தது, கதவும் அதற்குள் வந்திருக்க வேண்டும். அது அவளுடைய காதில் விழவில்லை. ஒப்பாரியை யார் சொல் சொல்லாகக் கேட்பார்கள்? டொக்டரிடம், கவுன்சிலில், வங்கியில் என்று இருபது வருசமாக அம்மாவின் நீண்ட கதைகளை ஒரு வரியாக்கி இங்கிலீசில் சொல்லிப் பழகிப்போன வாய் அது. அன்றைக்கும் ஒரு வரியாக்கியது. அவருக்கு ஒன்றும் தெரியாது, செபத்தில் இருந்தவர்.

"நீ மறைக்கிறாய் எண்டு நினைச்சனான்" என்றார் அம்மா. "என்னைக் காப்பாத்தத்தான் செய்யிறாய் எண்டு நினைச்சு நானும் பேசாமல் இருந்திட்டன். எனக்கும் பயமாத்தான் கிடந்தது. இண்டைக்குக் கோயிலிலை எங்களுக்குப் பின்னாலை ஒருத்தரும் வந்து இருக்காமல் ஒரு வாங்கு வெறுமையாக் கிடந்ததெல்லே. கண்டனீயோ?"

"கண்டனான்."

"அப்ப நாளைக்கு நான் சொல்லுறதை அப்பிடியே சொல்லு. கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்."

"அம்மா, அதை எல்லாருக்கும் முன்னாலை வாசிப்பினம். நீங்களும் அதிலை இருக்கவேணும்."

"வாசிக்கட்டும். என்ரை பிள்ளை சாக நினைச்சவனில்லை. தாய் சொல்லுக் கேட்டவன். அது எழுத்திலை கிடக்கட்டும்."

பிறேமினிக்கு ஓம் என்று சொல்லத்தான் இருந்தது. மூன்று கிழமையாக வராத அழுகை, வேண்டாத நேரத்தில் வந்து நின்றது. அவள் தலையை மட்டும் ஆட்டினாள். அம்மா அதைப் பார்த்தாரோ தெரியாது.

நிசாந்தன் கதவிலிருந்து கையை எடுத்துவிட்டான். தரையில் கிடந்த, கார் திருத்துகிற ஆயுதப்பெட்டியை மட்டும் நனையாத பக்கமாகத் தள்ளிவைத்தான். மழை சிமெந்துத் தரையை மெல்ல மெல்லக் கறுப்பாக்கிக்கொண்டு காரின் முன்சில்லு வரைக்கும் வந்தது.

வீட்டுக்கு மேலால் ஒரு விமானம் தாழ்ந்து போனது. அந்தச் சத்தம் திறந்த கதவால் உள்ளே வந்து கராஜை நிறைத்தது. அம்மா ஒரு கையைக் காரில் வைத்தபடி, அது ஓயும்வரைக்கும் கேட்டுக்கொண்டு நின்றார்.